பொடி எழுத்தில் என்ன இருக்கிறது? வாசகர் கேள்வி-பதில்

லேபிள் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றை எடுத்திருக்கிறேன். ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கே: நல்ல கம்பெனி தன் பொருளைப் பற்றித் தானே சொல்லிவிடும். சொல்லாதவனிடம் யாரும் வாங்க மாட்டார்கள். இதற்கு எதற்குச் சட்டம்?

ப: பழைய கார் வாங்கியிருக்கிறீர்களா? என்ஜினின் லட்சணம் விற்கிறவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அதனால் எந்த வண்டியாக இருந்தாலும் சந்தேகத்துக்கு ஒரு தொகையைக் கழித்துக்கொண்டுதான் விலை கேட்பீர்கள், அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் தர மாட்டார், கடைசியில் சந்தையில் ஓட்டை வண்டிதான் மிஞ்சும். பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-லேயே இதை எழுதிவிட்டார், 2001-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். ஆக, அடிபடுவது வாங்குகிறவர் மட்டுமல்ல, ஒழுங்காகத் தயாரிக்கிறவரும்தான்.

சரியான சட்டம் இல்லாத காலம் எப்படி இருந்தது என்றும் பாருங்கள். 1937-ல் அமெரிக்காவில் சல்ஃபா என்ற கிருமிக்கொல்லி மருந்தை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றார்கள். அது விஷம், 100 பேருக்கு மேல் செத்தார்கள். அன்றைய சட்டப்படி அந்தக் கம்பெனி மேல் சொல்ல முடிந்த குற்றம் என்ன தெரியுமா? ஆல்கஹாலில் கரைத்த மருந்துக்குத்தான் 'எலிக்ஸிர்' என்று பெயர், ஆல்கஹாலே இல்லாத மருந்துக்கு அந்தப் பெயரை வைத்தது! அடுத்த வருடமே சட்டம் மாறியது.

கே: ஒரு கிரீம் தடவினேன், அரிக்கிறது. என்ன சேர்த்திருப்பார்கள்?

ப: என்ன கிரீம்? லேபிளில் என்ன போட்டிருக்கிறது? டப்பா எங்கே? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். முதலில் தடவுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். அப்புறம், எத்தனை தடவை சொல்வது, டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள், பேட்ச் எண்ணோடு லேபிளைப் படம் எடுத்து வையுங்கள்.

கே: வெளிநாட்டிலிருந்து வந்த குட்டி மிட்டாய். 'சர்க்கரை 0 கிராம்' என்கிறது லேபிள். வாயில் போட்டால் இனிக்கிறதே?

ப: இனிக்கத்தான் செய்யும், அது சர்க்கரைதான். இதை எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது, பரவாயில்லை, இன்னொரு முறை. அமெரிக்க விதிப்படி ஒரு பரிமாறும் அளவில் (ஒரு தடவைக்குச் சாப்பிடுவது இவ்வளவு என்று லேபிளில் போடும் அளவு) சர்க்கரை அரை கிராமுக்குக் குறைவாக இருந்தால் 0 என்று போடலாம். இப்போது மிட்டாயின் எடையே அரை கிராமுக்கு ஒரு துளி குறைவு, பரிமாறும் அளவு ஒரே ஒரு மிட்டாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 சதவீதம் சர்க்கரையாக இருந்தாலும் கணக்கில் 0 வந்துவிடும். டப்பாவில் இருக்கும் மற்றவற்றை யார் சாப்பிடுவார்கள் என்று விதிக்குக் கவலை இல்லை. ஸ்பிரே எண்ணெயிலும் இதே வித்தைதான். கால் நொடி அழுத்துவது ஒரு அளவு, 5 கலோரிக்குக் கீழே வந்தால் அதுவும் 0. கால் நொடியில் விரலை எடுக்கிற சமையல்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

என் கோபம் கம்பெனி மேல் கொஞ்சம்தான், விதி எழுதியவர்கள் மேல்தான் அதிகம். தகவல் சொல்லு என்று கட்டாயப்படுத்திவிட்டு, எந்த அளவில் சொல்வது என்பதில் ஓட்டை விட்டால் அது சட்டபூர்வமாகவே மறைக்கக் கற்றுக்கொடுத்த மாதிரி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 100 கிராமுக்கு அல்லது 100 மில்லிக்கு இவ்வளவு என்று போட்டே ஆக வேண்டும், பரிமாறும் அளவைத் தனியாகப் போட்டுக்கொள்ளட்டும். அப்படி இருந்தால் இந்த மிட்டாயின் குட்டு நொடியில் உடைந்துவிடும். அது வரைக்கும் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள், அதிகம் இருப்பது முதலில் வரும். முன்பக்கம் விளம்பரம், பின்பக்கத்தைத் திருப்புங்கள்.

கே: யாருமே படிக்காத லேபிளுக்கு இவ்வளவு செலவு எதற்கு?

ப: நீங்கள் படிக்காவிட்டாலும் பலன் உண்டு. இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பை 2006 முதல் லேபிளில் போடு என்று அமெரிக்கா சொன்னதும் பல கம்பெனிகள் சத்தமில்லாமல் எண்ணெயையே மாற்றின. எழுதக் கூச்சப்படுகிற பொருளைச் சேர்க்கவும் கூச்சம் வரும்.

கே: எல்லாவற்றையும் சொன்னால் தொழில் ரகசியம் போய்விடாதா?

ப: என்னென்ன இருக்கிறது என்பது வேறு, எவ்வளவு, எப்படிச் செய்தோம் என்பது வேறு. முதலாவதை மட்டும்தான் கேட்கிறோம். வாசனைத் திரவியத்துக்குப் பல நாடுகளில் 'வாசனை' என்ற ஒரே சொல்லில் ஒளிந்துகொள்ளச் சலுகை இருக்கிறது. ஐரோப்பாவில் ஒவ்வாமை தரும் 26 வாசனைப் பொருள்களை அழகு சாதன லேபிளில் பெயர் சொல்ல வைத்தார்கள், 2023-ல் பட்டியலை 80-க்கு மேல் நீட்டினார்கள். எந்தக் கம்பெனியும் மூழ்கிவிடவில்லை.

கே: எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது.

ப: போனில் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். ஐரோப்பாவில் சிறிய எழுத்தே குறைந்தது 1.2 மி.மீ. இருக்க வேண்டும் என்று விதி (சின்னப் பொட்டலத்துக்கு 0.9). என் கண்ணுக்கு அதுவும் போதாது.

கே: எச்சரிக்கை நிறையப் போட்டால் நல்லதுதானே?

ப: இல்லை. கலிஃபோர்னியாவின் 1986 சட்டத்தைப் பாருங்கள். எச்சரிக்கை போட வேண்டிய பட்டியலில் சுமார் 900 வேதிப்பொருள்கள், போடாவிட்டால் வழக்கு, எனவே கார் நிறுத்துமிடம் வரைக்கும் பலகை மாட்டிவிட்டார்கள். எல்லாமே ஆபத்து என்றால் யார் நின்று படிப்பார்கள்?

கே: விலை அதே, பாக்கெட்டில் மட்டும் அளவு குறைந்துவிட்டது. இது ஏமாற்று இல்லையா?

ப: எடையைச் சரியாக அச்சிட்டிருந்தால் பெரும்பாலான இடங்களில் சட்டப்படி குற்றமில்லை. பிரான்சில் ஜூலை 2024 முதல் பெரிய கடைகள் அளவு குறைந்த பொருளுக்குப் பக்கத்தில் அதைச் சொல்லி 2 மாதம் அறிவிப்பு வைக்க வேண்டும். மற்ற இடங்களில் பழைய பாக்கெட்டின் படம் உங்கள் போனில் இருந்தால்தான் வாதாட முடியும். எடுத்து வைத்தீர்களா?