பவளப்பாறையும் ஊருணியும்: மாலத்தீவு பற்றிக் கேட்டவர்களுக்கு

மாலத்தீவில் பவளப்பாறைக் கணக்கெடுப்பு வேலையில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டுக் காரைக்குடிக்குத் திரும்பியவன் நான். நம்ம பக்கத்து ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

எங்கள் வீட்டுச் சுவர் கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு. மாலத்தீவில் கட்டடத்தையே பவளக்கல்லில் கட்டினார்களாமே? (கானாடுகாத்தான்)

உண்மைதான். தலைநகர் மாலேயில் 1658ல் எழுந்த வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலின் சுவர் முருகைக்கல், அதாவது பவளக்கல்தான். போய்ப் பார்த்தால், செதுக்கு வேலையில் நம்ம வீட்டு நிலைக்கதவு நினைவுக்கு வரும். ஆள் குறைவாக இருந்த காலத்தில் அது பெரிய சேதமில்லை. 1972ல் சுற்றுலா தொடங்கி, கட்டடங்கள் பெருகிய பிறகுதான் வினை. கட்டடத்துக்காகப் பாறையைக் கடப்பாரையால் பெயர்த்தெடுத்த இடத்தில் சிதறிய துண்டுகள் அலைக்கு உருண்டுகொண்டே கிடக்கும். பவளம் உயிருள்ளது; அதன் குஞ்சு உருளும் துண்டின்மேல் ஒட்டிப் பிடிக்க முடியாது. பத்து, இருபது வருஷம் கழிந்தும் தேறாத இடங்கள் உண்டு.

பாறைதான் அலையின் வேகத்தை உடைப்பது. 1987ல் பேரலை மாலேக்குள் புகுந்தது. அதன்பிறகு ஜப்பான் உதவியோடு கான்கிரீட் அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். கடல் சும்மா செய்துகொண்டிருந்த வேலைக்குக் காசு கொடுக்க வேண்டியதாயிற்று.

நாமும் யோக்கியமில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகவும் சிமெண்டுக்காகவும் பவளப்பாறையை வெட்டியது அதற்கு முக்கியக் காரணம். உங்கள் வீட்டுச் சுவரைப் பற்றிக் கவலை வேண்டாம். கிளிஞ்சல் செத்த சிப்பியின் ஓடு, பவளமில்லை.

தம்பி, எங்க அம்மா கொடுத்த பவள மாலை இருக்கு. அதுவும் இப்படிப் பாறையை உடைச்சு எடுத்ததுதானா? (தேவகோட்டை ஆச்சி)

இல்லை ஆச்சி. நகைக்கான சிவப்புப் பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலிலிருந்து வந்தது, வேறு இனம். ஆனால் அது வளர்வது இன்னும் மெதுவு. வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூடப் பருக்காது. பேத்திக்கு அந்த மாலையையே போட்டுவிடுங்கள். புதிதாக வாங்க வேண்டாம்.

மாலத்தீவு மாசிக் கருவாடு வாங்குகிறோம். அதனால் பவளப்பாறைக்குக் கெடுதலா? (புதுவயல்)

மாசி சூரை மீனில் செய்வது. அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் காயவைப்பார்கள். சூரையை ஆழ்கடலில் கழித்தூண்டில் போட்டு ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். வலைக்கப்பல்களோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். ஆனால் தூண்டில் போடுமுன் கடலில் உயிரோடு பொடிமீன்களை வீசவேண்டும். அந்த இரை மீன்கள் வருவது பாறையோரத்திலிருந்து! ஆழ்கடல் தொழிலின் வேர் பாறையில் இருக்கிறது. இரவில் விளக்குப் போட்டுப் பொடிமீனைக் கூட்டிப் பிடிக்க ஆரம்பித்ததும் அள்ளுவது சுலபமாகிவிட்டது. எனக்கு அதுதான் உறுத்தல்.

முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுத்துச் செலவு செய்தால் போதாதா? (காரைக்குடி, வங்கி ஊழியர்)

செட்டிநாட்டுக் கேள்வி! ஆனால் மீன் கணக்கில் எது முதல், எது வட்டி என்று பிரிப்பதே கஷ்டம். களவா மீனை எடுத்துக்கொள்ளுங்கள். பல வகைக் களவா பெண்ணாகப் பிறந்து, பெரிதானபின் ஆணாக மாறும். பெரிய மீனுக்குத்தான் விலை என்று அதையே பொறுக்கினால் ஆண்கள் காலியாகிவிடும். இன்னொன்று, முட்டையிடும் பருவத்தில் சுற்றுவட்டாரக் களவா எல்லாம் பாறைகளுக்கு நடுவே ஓடும் ஒரே கடல் வாய்க்காலின் முனையில், பௌர்ணமி அமாவாசையை ஒட்டிக் கூடும். இடம் தெரிந்த படகுக்காரர் சில நாளில் வழித்தெடுத்துவிடலாம். கண்ணுக்கு நல்ல வட்டிபோலத் தெரியும். எடுத்தது முழுக்க முதல்.

அதனால் பிடிக்கும் மீனின் அளவுக்கு வரம்பு வைத்தால் மட்டும் போதாது, இடமும் காலமும் பார்த்து மூடவேண்டும். பசிபிக்கில் பலாவு என்று குட்டித் தீவு நாடு. களவா முட்டையிடும் மாதங்களில் பிடிக்கக் கூடாதென்று 1994லேயே சட்டம் போட்டார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு பாறையை மூடி அறிவிப்பார்கள். அந்த வழக்கத்துக்கு அவர்கள் மொழியில் ‘புல்’ (bul) என்று பெயர். குடிதண்ணீர் ஊருணியில் யாரும் கால் கழுவுவதில்லையே, அதே மாதிரி. காவலாளியும் அபராதமும் வைத்தா அதைக் காத்தோம்? ஆனால் ஊருணி தெருவில் போகிற எல்லார் கண்ணிலும் படும், பாறை படாது. மாலத்தீவில் தூரத்துப் பாறையைக் கண்காணிக்கப் படகு, டீசல், ஆள் வேண்டும். ஊர்க்காரர் ஒப்பாத தடை இரவில் நிற்காது.

கடலே சூடாகும்போது இந்தக் கட்டுப்பாடெல்லாம் எதற்கு சார்? (கோட்டையூர், கல்லூரி மாணவி)

நியாயமான கோபம். 1998லும் 2016லும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. உள்ளே குடியிருந்து சோறு போடும் நுண்பாசி வெளியேறிவிட்டால் பவளம் பட்டினி. எந்த மீன்பிடித் தடையும் தண்ணீரைக் குளிர்விக்காது. ஆனால் செத்த பாறையைப் பாசி மூடிக்கொண்டால் புதுக் குஞ்சுக்கு இடமிராது. அந்தப் பாசியைச் சுரண்டித் தின்பது கிளிமீன். அதைப் பிடிக்காமல் விட்ட இடத்தில் பாறை தேறுவதற்கு வாய்ப்பு அதிகம். (தின்ற கல்லை அது மணலாகக் கழிக்கும். மாலத்தீவு வெள்ளை மணலில் நிறைய அந்தக் கழிவுதான். தேனிலவுக்குப் போகிறவர்களிடம் சொல்லவேண்டாம்.) இரும்புச் சட்டத்தில் பவளத்துண்டைக் கட்டி வளர்ப்பதும் நல்லதுதான். ஆனால் அது தோட்டம், காடாகாது.

அடுத்த மாதம் குடும்பத்தோடு போகிறோம். என்ன கவனிக்கணும்? (பள்ளத்தூர்)

பவளத்தின்மேல் நிற்காதீர்கள், மீனுக்கு ரொட்டி போடாதீர்கள். சோழி, பவளத்துண்டு எதுவும் பையில் வேண்டாம்; விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். வெயில் க்ரீமை அப்பிக்கொள்வதைவிடப் பிள்ளைகளுக்கு முழுக்கை நீச்சல் சட்டை எடுத்து வையுங்கள். அந்த வெயிலும் நம்ம ஊர் வெயில்தான்.