டி.ஓ.பி. வந்துவிட்டால் வீடு கைக்கு வந்ததாகிவிடுமா?

கேள்வி: சிங்கப்பூர் சிராங்கூன் கார்டனில் எங்கள் பழைய தரைவீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினோம். டி.ஓ.பி. (தற்காலிகக் குடியேற்ற அனுமதி) வந்துவிட்டது. மீதி 70,000 வெள்ளி கொடுத்தால்தான் சாவி என்கிறார் வீட்டைக் கட்டிய குத்தகையாளர். போன வாரம் பில்லும் அனுப்பிவிட்டார். ஆனால் மழை பெய்தால் படிக்கட்டுச் சுவரில் தண்ணீர் இறங்குகிறது. குளியலறைத் தண்ணீர் கீழ் அறைக் கூரையில் கசிகிறது. எல்லாம் சரியாகும்வரை பில்லுக்குப் பதிலே சொல்ல வேண்டாம் என்கிறார் அண்ணன். அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள் அம்மா. முதலில் பில் வந்த தேதியைப் பாருங்கள். உங்கள் வீடு கட்டட, கட்டுமான ஆணையத்தின் அனுமதியோடு கட்டப்பட்டது. அதனால் 2004ஆம் ஆண்டின் கட்டுமானத் துறைப் பணப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். அனுமதி தேவைப்படாத வீட்டுப் புதுப்பிப்பு வேலை என்றால் பொருந்தாது. இந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் சொன்ன நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், அது 21 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் எதுவும் சொல்லவில்லை என்றால் 14 நாள்தான். நாள் தவறினால், குத்தகையாளர் இந்தச் சட்டப்படி பணத் தகராறைத் தீர்க்கும் நடுவரிடம் போகும்போது, ஒழுகுகிறது என்ற காரணத்தை அங்கே எழுப்புவது மிகவும் கடினம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு வழக்குப் போட்டு மீட்க வேண்டிவரும். இப்படி மாட்டிக்கொள்ளும் வீட்டுக்காரர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பதிலில், எவ்வளவு கொடுக்கிறீர்கள், எவ்வளவைப் பிடிக்கிறீர்கள், ஏன் என்று குறை வாரியாகத் தொகை போட்டு எழுதுங்கள். வெறுமனே "வேலை சரியில்லை" என்றால் போதாது. குளியலறை வடிகாலை அடைத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கி வைத்து, கீழ்க்கூரையைத் தேதியோடு படம் எடுங்கள். மழை நேரத்தில் படிக்கட்டுச் சுவரையும் காணொளி எடுங்கள். பழுதுபார்க்க எவ்வளவு ஆகும் என்று வேறொருவரிடம் எழுத்தில் வாங்குங்கள். 70,000 வெள்ளியையும் அப்படியே பிடித்துவைக்காதீர்கள், குறைக்கு உரிய அளவே நியாயம்.

டி.ஓ.பி. என்பது கட்டடத்தில் குடியேறலாம் என்று ஆணையம் தரும் அனுமதி. குத்தகையாளர் உங்களுக்குத் தரவேண்டிய வேலை முடிந்ததா என்பது தனிக் கேள்வி. அதை ஒப்பந்தம்தான் சொல்லும். பெரும்பாலும் கட்டடக் கலைஞர் தரும் நிறைவுச் சான்றிதழே அதற்கு அடையாளம். அது வந்துவிட்டதா என்று அவரிடம் கேளுங்கள், குறைப் பட்டியலையும் அவர் கையிலேயே கொடுங்கள். ஒப்பந்தப்படி முன்பே பிடித்தம் செய்த தொகை இருந்தால், அதில் ஒரு பாதியை அந்தச் சான்றிதழோடும், மறு பாதியைப் பராமரிப்புக் காலம் (குறைகளைக் குத்தகையாளரே சரிசெய்ய வேண்டிய காலம்) முடிந்தும் விடுவிப்பதுதான் வழக்கம். உங்கள் ஒப்பந்தத்தில் அந்தக் காலம் எத்தனை மாதம் என்று பாருங்கள்.

சாவியைப் பிடித்துவைக்க ஒப்பந்தம் அவருக்கு இடம் தருகிறதா என்பதையும் படித்துப் பார்க்க வேண்டும். சாவி வாங்கும்போது "குறை எதுவும் இல்லை" என்று அச்சடித்த தாளை நீட்டினால், பட்டியலை அதிலேயே எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தத்தையும் பில்லையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.