மூடியைத் திறந்தால் ஆவி வரணும்: குளிர்காலப் பள்ளிச் சாப்பாடு, கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் 11 வருஷமாக என் இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக்குச் சூடாகச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறேன். ஊரில் ஆடி என்றால் காற்று, இங்கே ஆடி என்றால் நடுக்குளிர். ஜூலை விடியற்காலையில் 4 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கிவிடுகிறது. மூன்றாம் டெர்ம் தொடங்குவதால் நிறைய பேர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கெம்ப்டன் பார்க்கிலிருந்து ஒரு அம்மா: அக்கா, நல்ல விலை கொடுத்து ஸ்டீல் ஃபிளாஸ்க் டப்பா வாங்கினேன். 6 மணி நேரம் சூடு நிற்கும் என்று மேலே போட்டிருக்கிறது. சாம்பார் சாதம் வைத்தால், பன்னிரண்டு மணி பிரேக்கில் ஆறிப்போய்விட்டது என்கிறான். டப்பா மோசமா?

டப்பாவைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்கள். கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடி, ஐந்து நிமிஷம் கழித்து வெளிப்பக்கத்தைத் தொடுங்கள். சுட்டால், இரண்டு சுவருக்கும் நடுவில் இருக்க வேண்டிய வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம். அதை மாற்றத்தான் வேண்டும். வெளியே சில்லென்று இருந்தால் டப்பா நன்றாகத்தான் இருக்கிறது.

ஃபிளாஸ்க் சூட்டை உண்டாக்காது தங்கச்சி, நாம் கொடுப்பதைக் காப்பாற்றும், அவ்வளவுதான். ராத்திரி முழுக்க அலமாரியில் குளிர்ந்து கிடந்த ஸ்டீலில் சாதத்தைப் போட்டால், அந்த ஸ்டீல்தான் முதலில் சூட்டைக் குடிக்கும். அதனால் எழுந்ததும் கெட்டிலைப் போட்டு, கொதிக்கிற தண்ணீரை டப்பா நிறைய ஊற்றி மூடி, பத்து நிமிஷம் விடுங்கள். அந்த நேரத்தில் சாப்பாட்டைச் சூடாக்குங்கள். ஓரத்தில் கொதித்தால் போதாது, நடுவிலும் குமிழ் வர வேண்டும். அப்புறம் தண்ணீரைக் கொட்டிவிட்டு உடனே கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். பாதி டப்பா காலியாக இருந்தால் சீக்கிரம் ஆறிவிடும். குழந்தை கொஞ்சமாகத்தான் சாப்பிடுவான் என்றால் சின்ன டப்பாவாக வாங்குங்கள்.

நம்ம ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) பக்கம் இன்னொன்றும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம், இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கடலோர டர்பனில் என் நாத்தனார் 100 டிகிரியில் தொடங்குகிறாள், நாம் ஆறு டிகிரி பின்னால் நின்று தொடங்குகிறோம். அவள் டப்பாவைச் சூடாக்காமலே சமாளிக்கிறாள். நம்மால் முடியாது. சாப்பிடும் நேரத்தில் 60 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது என்பதுதான் கணக்கு. அதற்குக் கீழே போனால் கிருமி பெருகத் தொடங்கும். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, ஒரு சனிக்கிழமை காலை ஆறரைக்கு அடைத்துப் பன்னிரண்டுக்குத் திறந்து அளந்து பாருங்கள். அதற்கப்புறம் நீங்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

லாடியம், இரண்டு பிள்ளைகளின் அப்பா: என்னென்ன வைக்கலாம்?

ஈரப்பசை உள்ளதெல்லாம் நன்றாக நிற்கும். பருப்பு சாதம், ரசம் சாதம், அரிசியும் பாசிப்பருப்பும் போட்ட கிச்சடி, சேமியா உப்புமா, சுகர் பீன்ஸ் (ராஜ்மா வகைப் பயறு) கறியும் சோறும். அடைக்கும்போது வீட்டில் சாப்பிடுவதைவிடத் தளர்வாக இருக்கட்டும். கரண்டியைச் சாய்த்தால் மெதுவாக வழிய வேண்டும். ஐந்து மணி நேரத்தில் சோறு அந்தத் தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொள்ளும். காலையில் சரியாக இருந்தால் மத்தியானம் கட்டியாகிவிடும்.

வடை, பொரியல், ரொட்டி எதையும் உள்ளே போடாதீர்கள், நமுத்துப்போகும். ரொட்டியை ஃபாயிலில் சுற்றி, ஒரு துணியில் மடித்துத் தனியாகக் கொடுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: குளிர்காலம்தானே, ராத்திரிச் சோற்றை அடுப்பு மேலேயே விட்டுவிட்டு, காலையில் சூடாக்கி அடைக்கிறேன். தப்பா?

தப்புதான். கோபித்துக்கொள்ளாதீர்கள், இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது. சோற்றில் ஒரு வகைக் கிருமியின் வித்து, வெந்த பிறகும் சாகாமல் இருக்கும். சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அது முளைத்து நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு காலையில் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. பிள்ளை வகுப்பில் வாந்தி எடுப்பான், நமக்குக் காரணமே தெரியாது. வெளியே குளிராக இருந்தாலும் மூடிய பானைக்குள் சோறு மணிக்கணக்கில் ஆறாமல் இருக்கும். ராத்திரிச் சோறுதான் வேண்டுமென்றால், வடித்ததும் அகலமான தட்டில் பரப்பி ஆற வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ஆவி பறக்க ஒரே ஒரு முறை சூடாக்கி அடையுங்கள். மீதி திரும்பி வந்தால் கொட்டிவிடுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஒரு ஆயா: பேத்தி கிரேடு ஒன். டப்பா அப்படியே திரும்பி வருகிறது. பசிக்கவில்லை என்கிறாள்.

அம்மா, உங்கள் பேத்திக்கு மூடி திறக்க வருகிறதா என்று பாருங்கள்.

என் மூத்தவள் கிரேடு ஒன்னில் இருந்தபோது ஒரு வாரம் ரசம் சாதம் தொடாமல் திரும்பி வந்தது. நானும் பசிக்கவில்லை என்றுதான் நம்பினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் முன்னால் டப்பாவை வைத்து, திற பார்ப்போம் என்றேன். மடியில் இடுக்கிக்கொண்டு, ஜெர்சியின் கையை உள்ளங்கைக்கு இழுத்துவிட்டு, முகம் சிவக்கத் திருகினாள். அசையவில்லை. தினமும் அப்படித்தான் முயன்றிருக்கிறாள், டீச்சரைக் கேட்க வெட்கம். அன்றைக்கு நான் அழுதேன்.

கொதிக்கக் கொதிக்க அடைத்து இறுக்கினால், உள்ளே இருக்கும் ஆவி ஆற ஆறச் சுருங்கி மூடியை உள்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பெரியவர்களுக்கே கஷ்டம். மூடியில் காற்று விடும் பொத்தான் உள்ள டப்பாவாக வாங்குங்கள். அதை முதலில் அழுத்தினால் புஸ்ஸென்று சத்தம் வரும், அப்புறம் லேசாகத் திறக்கும். பொத்தான் இல்லாத டப்பா என்றால், கசியாத அளவுக்கு மட்டும் திருகுங்கள், பலம் கொண்ட மட்டும் வேண்டாம். லீவு நாளில் வீட்டிலேயே, அதே டப்பாவில், அதே ஐந்து மணி நேரம் கழித்து, அவளே திறந்து சாப்பிடட்டும். கைப்பிடி குட்டையான ஸ்பூனையும் அப்போதே பழக்குங்கள். பிரேக் நேரம் கொஞ்சம்தான், அதில் பாதி மூடியோடு போராடிப் போகக்கூடாது.

சாட்ஸ்வொர்த்: தயிர் சாதம்?

குளிரக் குளிர வையுங்கள். டப்பாவில் ஐஸ் தண்ணீர் ஊற்றி பத்து நிமிஷம் விட்டு, ஃபிரிட்ஜில் இருந்த சோற்றையும் தயிரையும் கலந்து அடைத்தால் மத்தியானமும் சில்லென்று இருக்கும். வெதுவெதுப்பான சோற்றில் தயிரைக் கலந்து ஃபிளாஸ்கில் அடைப்பது, தயிருக்கு உறை ஊற்றி வைப்பது மாதிரி. பிரேக்குக்குள் புளித்துவிடும்.

ஃபீனிக்ஸ்: ஊறிய சுகர் பீன்ஸைக் கொதிநீரோடு ஃபிளாஸ்கில் போட்டால் அதிலேயே வெந்துவிடும் என்கிறார்களே?

வேண்டவே வேண்டாம். அந்தப் பயறு வகையில் ஒரு நஞ்சு உண்டு. தளதளவென்று பத்து நிமிஷமாவது கொதித்தால்தான் அது அழியும். கொதிக்காமல் வெறும் சூட்டில் கிடந்தால் பச்சையைவிட மோசமாகவும் ஆகலாம். குக்கரில் நன்றாக வேகவைத்துக் கறி செய்து, அப்புறம் அடையுங்கள். சூடு காக்கும் பையில் வேகவைப்பவர்களும் முதலில் அடுப்பில் கொதிக்கவிட வேண்டும்.

பெனோனி: மீன் கறி வாடை போகவே மாட்டேன் என்கிறது.

வாடை மூடியின் ரப்பர் வளையத்தில்தான் இருக்கும். அதைக் கழற்றித் தனியாகக் கழுவிக் காயவையுங்கள். டப்பாவில் ஒரு ஸ்பூன் சோடா உப்பும் சுடுதண்ணீரும் போட்டு, மூடாமல் அரை மணி நேரம் விடுங்கள். மைக்ரோவேவில் இந்த டப்பாவை வைக்கக் கூடாது.

லெனேசியா, பக்கத்துத் தெரு: ஆடிக் கூழ் கொடுத்தனுப்பலாமா அக்கா?

தாராளமாக. எங்கள் வீட்டில் மீலி மீலில், அதாவது மக்காச்சோள மாவில்தான் காய்ச்சுகிறோம். சூடாக வேண்டுமென்றால் மாஸ் (இங்கத்திய புளித்த பால்) கலக்காமல், வழக்கத்தைவிட நீர்க்கக் காய்ச்சி அடையுங்கள், உள்ளே கெட்டிப்படும். மாஸ் ஊற்றியதுதான் பிடிக்கும் என்றால், தயிர் சாதத்துக்குச் சொன்ன மாதிரி முழுக்கக் குளிரவைத்துக் கொடுங்கள். சின்ன வெங்காயத்தை உரித்துத் தனியாக ஒரு குட்டி டப்பாவில் வையுங்கள்.