தெருவில் இருக்கும் பெண்களும் மனநலமும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

பாளையங்கோட்டையில் மனநல சமூகப் பணியாளராக இருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஜங்ஷனில் டீக்கடை வைத்திருப்பவர்): கடைப்பக்கம் ஒரு அம்மா, இந்த வெயிலிலும் மூணு சேலையைச் சுற்றிக்கொண்டு, ராத்திரி தூங்காமல் தனியாகப் பேசிக்கொண்டே இருக்கிறார். பிடித்துக் குளிக்க வைத்து மாற்றுத்துணி கொடுக்கலாமா?

பதில்: பிடிக்க வேண்டாம் அண்ணாச்சி. அந்த மூணு சேலையும் பல நேரம் அவருக்குக் காவல், ராத்திரி எவனாவது கை வைத்தால் சட்டென்று அவிழக் கூடாது. அழுக்கோடு இருந்தால் கிட்டே வரமாட்டான் என்று குளிக்காமலே இருப்பவர்களும் உண்டு. கண்ணை மூடப் பயந்து விழித்தே கிடந்தால் காதில் கேட்கிற குரலும் சந்தேகமும் இன்னும் கூடும், அதனால் நோய் முந்தியா தெரு முந்தியா என்று பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. தினமும் ஒரே நேரத்துக்கு டீயும் பன்னும் கொடுங்கள், வீட்டில் மதினியை ஒருநாள் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார்ந்து பேர் கேட்கச் சொல்லுங்கள். மூட்டையை மட்டும் தொடாதீர்கள். அதில் பழைய மருந்துச் சீட்டு இருக்கலாம், பிள்ளை போட்டோ இருக்கலாம்.

கேள்வி: போலீஸ் ஸ்டேஷனில் சொன்னால், இது எங்கள் வேலையில்லை என்கிறார்களே?

பதில்: அவர்கள் வேலைதான். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 100. தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் அலைகிறவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது, குடும்பத்தைத் தேடவும் வேண்டும். நம்மூரில் என்றால் ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி. பெண் போலீஸ் கூட வரட்டும் என்று நீங்களே கேளுங்கள். ஆலோசனைக்கு 14416, இலவசம்.

கேள்வி: புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்கோ ஏர்வாடி தர்காவுக்கோ கொண்டுபோய் விடலாமா?

பதில்: கும்பிடப் போங்கள், மாத்திரையோடு போங்கள். விட்டுவிட்டு வராதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி காப்பகத் தீயில் 28 பேர் செத்தார்கள், சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. இப்போது சங்கிலி போடுவதே சட்டப்படி குற்றம்.

கேள்வி (சங்கரன்கோவிலிலிருந்து): சித்திக்கு இப்போது குணமாகிவிட்டது. ஆனால் சித்தப்பா வேறு கல்யாணம் முடித்துவிட்டார், மாமாவும் வீட்டில் சேர்க்கமாட்டேன் என்கிறார். ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டுமா?

பதில்: வேண்டாம். குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை உள்ளேயே வைத்திருக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. நான் பார்த்தவரை பெண்களைத் தெருவுக்குத் தள்ளுவது பாதி நோய், மீதி இப்படிச் சாத்தின கதவுதான், அதே வாசலில் மறுபடி கொண்டுபோய் நிறுத்தினால் சீக்கிரமே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவார். சென்னையில் 1993-ல் தொடங்கிய பான்யன் அமைப்பு, குணமான பெண்கள் நாலைந்து பேரை ஊருக்குள்ளேயே வாடகை வீட்டில் சேர்ந்து வாழ வைக்கிறது, சமையல், கடைகண்ணி எல்லாம் அவர்களே. எங்கே இருக்கப் பிரியம் என்று சித்தியிடமே கேளுங்கள். மாசாமாசம் மாத்திரை வாங்க யார் கூடப் போவது என்பதையும் அன்றைக்கே பேசி முடிவு பண்ணிவிடுங்கள்.