டர்பனிலிருந்தே துணைவர் விசாவுக்கு மாறலாம்

தங்கச்சி, மாணவர் விசா முடிய மூன்று மாதம்தான் இருக்கிறது, சாட்ஸ்வொர்த் கோவிலில் தாலி கட்டியாயிற்று, இனி இந்தியா போய்த்தான் விண்ணப்பிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கணவர் தென்னாப்பிரிக்கக் குடிமகன் என்பதால் இங்கிருந்தே, விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். நிறுவனம் வழியாக மாற்றிக் கேட்கலாம். விசா முடிய 60 நாளுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

எனக்குக் கவலை அந்தத் திருமணம்தான். நடத்திவைத்த ஐயர் அரசு நியமித்த திருமண அலுவலரா? இல்லையென்றால் தாலி மட்டும் விசாவுக்குப் போதாது. இந்த வாரமே இருவரும் உள்துறை அலுவலகம் போய்ப் பதிவுத் திருமணத்துக்குக் கேளுங்கள், நேர்காணலும் இருக்கும். அப்புறம், காவல்துறைச் சான்றிதழ் இந்தியாவிலிருந்தும் இங்கிருந்தும் வேண்டும், இன்றே தொடங்குங்கள். வேலை பார்க்க ஆசையிருந்தால் இந்நாட்டுக் குடிவரவுச் சட்டத்தின் 11(6) பிரிவின் கீழ் அந்த அனுமதியையும் சேர்த்துக் கேளுங்கள்.