போன் வீடியோ லேப்டாப்பில் திக்கித் திக்கி ஓடினால்

தம்பி, பாம்பன் பாலத்தில் போனில் எடுத்த 4கே வீடியோ உங்கள் லேப்டாப்பில் திக்கித் திக்கி ஓடுகிறது, சத்தம் மட்டும் முன்னால் போய்விடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். ரேம் கூட்டக் காசு செலவழிக்க வேண்டாம், குறை அங்கே இல்லை. போன் ஹெச்.இ.வி.சி. என்ற, வீடியோவை மிகவும் சுருக்கிச் சேமிக்கும் முறையில் பதிவு செய்திருக்கும். உங்கள் லேப்டாப்பில் இருப்பது இன்டெல் 4-ஆம் தலைமுறை பிராசஸர். அந்த முறை வீடியோவை விரித்துக் காட்டும் முழு வன்பொருள் வசதி இன்டெலின் 6-ஆம் தலைமுறையில்தான் வந்தது. அதனால் மொத்தச் சுமையும் பிராசஸர் தலையில் விழுகிறது. வீடியோ ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள், பிராசஸர் பயன்பாடு 100 சதவீதத்தை ஒட்டியே நிற்கும்.

இதற்கு வழி, வீடியோவை வேறு முறைக்கு மாற்றுவது. அதற்கு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் உங்கள் லேப்டாப் எளிதாக ஓட்டக்கூடிய பழைய முறையான ஹெச்.264, 4கே-யை விடச் சிறிய அளவான 1080பி என்று வைத்து மாற்றுங்கள். பழைய மெஷின், நேரம் எடுக்கும். இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். வீடியோ பார்க்கும் விஎல்சி பிளேயரில் வன்பொருள் டிகோடிங் (வீடியோவை விரிக்கும் வேலையை கிராபிக்ஸ் பகுதியிடம் விடும் வசதி) ஆனில் இருக்கட்டும்.

அப்புறம், ஃபேனையும் பாருங்கள். பாம்பன் பக்கத்து மண்டபம் ஊரில் என் லேப்டாப்பைத் திறந்தபோது, கடற்காற்றின் உப்பு ஈரத்தில் தூசி களிமண் மாதிரி இறக்கைகளில் அப்பியிருந்தது. சூடு ஏறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டி எடுங்கள். மாற்றிய கோப்பு எப்படி ஓடுகிறது என்று அவசியம் எழுதுங்கள்.