நிலநடுக்கத்துக்குப் பிறகு ஒரு தொழில்நுட்ப நிறுவனம் எப்படி மீள்கிறது?

கல்லூரி அசைன்மென்ட்டுக்குக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பேக்கப் சர்வர், மீட்புத் திட்டம் என்றெல்லாம் எழுத ஆள் இருக்கிறார்கள். நான் சிப் தொழிற்சாலைகளில் உலை மெஷின் சர்வீஸ் செய்கிறவன், அதை மட்டும் சொல்கிறேன்.

2024 ஏப்ரல் 3, காலை 7.58. தைவானின் கிழக்குக் கரையில் ஹுவாலியன் பக்கம் 7.2 அளவில் நிலநடுக்கம். நான் மேற்கே சின்ச்சுவில், இரவு ஷிஃப்ட் முடிந்து அறையில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். மதியத்துக்குள் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். (எந்த ஃபேப், அதாவது எந்த சிப் தொழிற்சாலை என்று கேட்காதீர்கள், சொல்லக்கூடாது. சின்னதுதான்.)

கட்டடத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் உலையைத் திறந்தால், ஆள் உயர குவார்ட்ஸ் குழாயில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். உள்ளே நூறு வேஃபர் (சிப் செய்கிற மெல்லிய சிலிக்கான் வட்டத் தகடு), பாதி இடம் நழுவி ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. உடைந்த வேஃபரை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, புதுக் குழாய் மாட்டி, கசிவு பார்த்து, அப்புறம் வெறும் வேஃபரை ஓட்டி அதில் எத்தனை தூசு விழுந்திருக்கிறது என்று எண்ண வேண்டும். எண்ணிக்கை கூடுதலா, மறுபடி முதலிலிருந்து. கரண்ட் வந்து மெஷின் ஓடினால் போதாது, அதை மறுபடி நம்ப முடிய வேண்டும். ஒரு உலைக்கு எங்களுக்கு இரண்டு நாள் ஆனது.

தைவானின் பெரிய சிப் கம்பெனி டிஎஸ்எம்சி 10 மணி நேரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் மெஷின்களை மீட்டதே என்பீர்கள். உண்மைதான், மறுக்கவில்லை. 1999 செப்டம்பர் நிலநடுக்கத்தில் சின்ச்சுவில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் பட்ட பாட்டுக்குப் பிறகுதான் மெஷின்களைத் தரையோடு இறுக்கக் கற்றுக்கொண்டார்கள் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். ஆனால் மிச்ச மெஷின்களையும் யாரோ உட்கார்ந்து பார்க்கத்தானே வேண்டும்? அந்தக் காலாண்டில் சுமார் 300 கோடி தைவான் டாலர் இழப்பு வரும் என்று டிஎஸ்எம்சியே சொன்னது.

சாஃப்ட்வேர் கம்பெனிக்கு இது பொருந்தாமல் இருக்கலாம், அதற்காகச் சண்டைக்கு வராதீர்கள். என் மாமாவே "ஐடி வேலைதானே, வீட்டிலிருந்து பார்க்கக் கூடாதா?" என்றார்.

இன்னொன்று. ஏப்ரல் 4, 5 இரண்டும் தைவானில் முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்கிற சிங்மிங் திருநாள் விடுமுறை. நாங்கள் உலைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் கம்பெனியின் சென்னை அலுவலகக் காலண்டரில் அவை வேலை நாள், அதனால் ஓவர்டைம் கிடையாதாம். மூன்று மெயில் போட்டாயிற்று.